வேலிக்கு அந்தப்புறம் ஓடும் புளோயர்

எலவனாசூர்கோட்டை
11.10.1987

அன்பு மகன் இளஞ்செழியனுக்கு அப்பா பச்சமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தங்கை சந்தியாவும் சுகம், பிலாயில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, உடம்பு எப்படி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் பதில் போடு. போன மாதம் இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியல் சமயத்தில் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டதில் பஸ்ஸும் இல்லை தபாலும் இல்லை, அதனால்தான் கடிதம் தாமதம். ஒதுக்கீடு கிடைத்தால் சந்தியா காலேஜுக்குப் போவாளே என்று நானும் ஒரு நாள் போய் ரோட்டில் உட்கார்ந்தேன், அதற்கு உன் அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

நீ வெல்ல அடுப்புக்குக் காற்று ஊத என்று ரயிலில் அனுப்பிய இரண்டு புளோயரையும் சின்னசேலத்தில் இறக்கி வண்டி வைத்துக் கொண்டுவந்தோம். எனக்கு ஒன்று, வேலிக்கு அந்தப்புறம் அடுப்பு வைத்திருக்கும் உன் பெரியப்பா இருசப்பனுக்கு ஒன்று. அவருக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. பிள்ளை இல்லாத மனுஷர், உன்னைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைத்தார், எல்லாம் சரிதான். ஆயுத பூஜைக்கு மறுநாள்தான் இரண்டையும் முதன்முதலாக ஓட்டினோம். அவருடையது இருக்கிற இடம் தெரியாமல் ஊதுகிறது, என்னுடையது போட்ட உடனே கொட்டகைத் தகரமெல்லாம் கிடுகிடு என்று ஆடுகிறது. எனக்கு வயிறு எரிந்துபோயிற்று. நல்லதாகப் பார்த்து அங்கே அனுப்பிவிட்டு நொள்ளையை எனக்கு அனுப்பியிருக்கிறான் என்று அம்மாவிடம் கத்தினேன், அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மெக்கானிக் தனசேகரனை மறியலில் பிடித்துக்கொண்டுபோனவர்கள் இன்னும் விடவில்லை. நானே போல்ட்டை எல்லாம் முடுக்கினேன், அடியில் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டேன், கிரீஸ் வைத்தேன், ஆட்டம் நிற்கவில்லை. கல்வராயன் மலைப்பக்கம் மழை கட்டி நிற்கிறது, கரும்புச் சக்கை ஈரம், காற்று இல்லாமல் அடுப்பு எரியாது, வெட்டின கரும்பு காய்கிறது. பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, இன்னாடா இது, என்னுத நீ வெச்சுக்கோ, உன்னுத நான் பாத்துக்கறேன் என்று தன்னுடையதைக் கழற்றி இங்கே மாட்டினார். என் அடுப்பில் அது ஆடவில்லை, என்னுடையது அவர் அடுப்பில் போய் ஆடியது. அடுப்பில் குறை இல்லை என்று ஆனதும், பார்த்தியா, எனக்கு வந்ததுதான் நொள்ளை என்றேன். அவர் அதன் மூடியைக் கழற்றினார். உள்ளே காத்தாடியின் ஒரு தகட்டில் மட்டும் சந்தனமும் குங்குமமும் உள்ளங்கை கனம் அப்பி, காய்ந்து செங்கல்லாக இருந்தது. வெளியே வைத்தால் போதாது, பிள்ளை அனுப்பியது, சுற்றுகிற இடத்தில் வைக்கவேண்டும் என்று உன் அம்மா பூஜையன்று கையை விட்டு அப்பியிருக்கிறாள். பெரியம்மா செல்லியம்மாள் வெளியே ஒரு பொட்டோடு நிறுத்திவிட்டாள். பெரியப்பா சுரண்டிக் கழுவி மாட்டினார், ஆட்டம் நின்றது.

அப்புறம் என்னுடையதைக் கொடு என்று கேட்டேன். நல்லா ஓடுது, ஓடட்டும்டா, ரெண்டும் நம்ம புள்ள அனுப்பிச்சதுதானே என்கிறார். எனக்கு விளங்கிவிட்டது. மோட்டார் மேல் நீ வெள்ளைப் பெயிண்டில் ஒன்றில் அப்பா என்றும் மற்றதில் பெரியப்பா என்றும் எழுதி அனுப்பினாய் அல்லவா, இப்போது அப்பா என்று எழுதியது அவர் கொட்டகையில் இருக்கிறது. தினம் எண்ணெய்த் துணியால் துடைக்கிறார், அந்த எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் துணியைத் தூக்கிக்கொள்கிறார். வேலி ஓரம் நின்று பார்த்தேன். பொறாமையாகத்தான் இருக்கிறது, இல்லை என்று எழுதினால் பொய். பிடுங்கிக்கொண்டு வரவும் மனசு வரவில்லை.

குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள், வெந்நீரில் குளி. அந்த அங்காளம்மன் உன்னைக் காப்பாற்றட்டும். பொங்கலுக்கு வரும்போது எப்போதும்போல் முதலில் பெரியப்பா வீட்டில் இறங்காதே. அந்த எழுத்து அவரிடம் இருக்கட்டும், நீ முதலில் இங்கே வா.

உன்னைப் பெற்ற அப்பா
ப. பச்சமுத்து