கறுப்பியின் தாளில் நான் போட்ட பொய் டிக்குகள்

கோபமெல்லாம் எனக்கு, பொறுமையெல்லாம் உங்களுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டு பத்து வருஷம் ஒரே வீட்டில் என்னைச் சகித்துக்கொண்ட மலர் அண்ணிக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்க வாய் வருகிறது. கேட்டு என்ன ஆகப்போகிறது? கறுப்பி பிழைத்துவிட்டாள். அதை முதலில் சொல்லிவிட்டேன். மீதியைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

அடிபட்ட நாய், பூனைகளை வைத்துப் பார்க்கிற ஷெல்டரில் இடமில்லை, கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் கொடுத்ததையெல்லாம் நீங்கள் பென்னலூருக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் ஆடின ஆட்டம் கொஞ்சமா? "மனுசனுக்கே வூட்ல எடமில்ல, இதுல நாயி ஒண்ணு, பூனை ஒண்ணா?" என்று கத்தினேன். பூனைக்குக் கண் தெரியாது. சாப்பாட்டுத் தட்டை ஒரு சாண் நகர்த்தி வைத்தாலும் பட்டினி கிடக்கும். நாய் கறுப்பியின் கதை வேறு. ஒரகடம் ரோட்டில் லாரி அடித்துப் பின்னங்கால் இரண்டும் உணர்ச்சி இல்லாமல் போனவள். மூத்திரம் தானாகப் போகாது. காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளையும் அடிவயிற்றைப் பதமாக அழுத்தி எடுத்துவிட வேண்டும். தவறினால் உள்ளேயே தேங்கிக் கெட்டுப்போகும் என்று டாக்டர் உங்களுக்குச் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேனே.

"உங்க கம்பெனில மிஷினுக்கு ஒரு ஷீட் வெப்பீங்களே, அத்த மாதிரி எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு கவிதா" என்றீர்கள். நான்தான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். வேளைக்கு ஒரு கட்டம், எடுத்து முடித்ததும் ஒரு டிக்.

மிஷினைத் தினமும் சோதித்து டிக் போட வேண்டிய அந்த ஷீட்டை நாங்கள் எப்படி நிரப்புவோம் என்று மட்டும் உங்களிடம் சொன்னதில்லை. ஆடிட் வருகிறது என்றால் ஒரு வாரத்து டிக்கை ஒரே மூச்சில் போடுவோம். பார்ப்பவருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று நடுநடுவே பேனாவை மாற்றுவோம். கொஞ்சம் நீலம், கொஞ்சம் கறுப்பு.

நெஞ்சு வலிக்குது என்று உட்கார்ந்தவர் நீங்கள், எழுந்திருக்கவே இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் வேலைக்குப் போனேன். ஓவர்டைம் போட்டால் வீடு வர ஏழு மணி ஆகும். மதியம் எடுக்க ஆளில்லை. அலுப்பில் ராத்திரி வேளையும் சில நாள் தவறியது. "எனக்கு அந்த வாடையே ஒத்துக்காது, ஆள வுடு" என்று என் வீட்டுக்காரர், அதுதான் உங்கள் தம்பி, ஒதுங்கிக்கொண்டார். ஆனால் கட்டம் காலியாகக் கிடந்தால் என் கண்ணை உறுத்தியது. காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும்போதே மூன்று கட்டத்துக்கும் டிக் போட்டுவிட்டு ஓடினேன். பேனாவைக்கூட மாற்றினேன் அண்ணி! யாரை ஏமாற்ற? அந்த வீட்டில் அதைப் பார்க்க யார் இருந்தார்கள்?

கறுப்பிக்குக் காய்ச்சல் வந்தது. சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஷெல்டர் பெண் தீபா வண்டியோடு வந்து டாக்டரிடம் கொண்டுபோனாள். நானும் ஷீட் கட்டோடு கூடப் போனேன். டாக்டர் ஷீட்டைப் புரட்டினார்.

"மூணு வேளையும் தவறாம எடுத்துகினுதான் இருக்கீங்க. இவ்ளோ நல்லா பாத்தும் இப்படி ஆவுதுன்னா உடம்பே விட்டுப்போச்சுன்னு அர்த்தம். ரெண்டு நாள் பாப்போம். இல்லன்னா ஊசி போட்டுத் தூங்க வெச்சிடலாம், பாவம்."

நானும் தலையாட்டிவிட்டு, கறுப்பியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கே தீபா அந்த ஷீட்டைப் படம் பிடித்து ஷெல்டர் வாட்ஸப் குரூப்பில் போட்டாள். எல்லோரும் கவிதாக்கா மாதிரி எழுதுங்கள் என்று மேலே ஒரு வரி. வரிசையாகக் கைதட்டல். பதிலுக்கு நான் ஒரு கும்பிடு போட்டேன். வெட்கங்கெட்டவள்.

இரண்டு நாள் அப்படியே இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு டாக்டரிடம் போய் நின்றேன்.

"சார், அந்த டிக்குல பாதி பொய்யி."

"பாதின்னா, எந்தப் பாதிம்மா?"

எனக்கே தெரியவில்லை அண்ணி. அவர் திட்டவில்லை. "அப்போ உடம்பு மோசமில்ல, கவனிப்புதான் மோசம். காப்பாத்தலாம்" என்றார். மூத்திரம் போக டியூப் வைத்தார்கள், மருந்தை மாற்றினார்கள். நாலு நாளில் காய்ச்சல் இறங்கியது. தீபா கையால் கறுப்பி இரண்டு வாய் சாப்பிட்டாள்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். டாக்டர் சொல்லி விஷயம் தெரிந்துகொண்ட தீபா ஷீட்டைப் பின்னுக்குப் புரட்டி உங்கள் பக்கங்களில் நின்றாள். "அப்போ மலரக்கா போட்டதும் இப்படித்தானாக்கா?" என்று கேட்டாள்.

இல்லடி, வாயக் கழுவு என்று நான் கத்தியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் கத்துகிற எனக்கு அன்றைக்குப் பார்த்து அழுகைதான் வந்தது. அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். இப்போது குரூப்பில் யாரும் உங்கள் பெயரை எடுப்பதில்லை. செத்த பிறகு உங்களைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன்.

அதனால்தான் நாலு பேர் கேட்கிற மாதிரி எழுதுகிறேன். உங்கள் பக்கங்களை நேற்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டிக்குக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். 'ரெண்டு மணிக்கு எடுக்கணும், ரெண்டே முக்கால் ஆயிடுச்சு.' 'இன்னிக்குக் கொஞ்சம் கலங்கல்.' 'எனக்குக் காய்ச்சல், சாயந்தரம்தான் முடிஞ்சுது.' என் பக்கங்களில் அப்படி ஒரு எழுத்துக்கூட இல்லை. செய்திருந்தால்தானே எழுத ஏதாவது இருக்கும்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஷெல்டரில் எல்லோரும் கூடுகிறார்கள். இந்தக் கடிதத்தை அங்கே நின்று நானே வாசிப்பேன். உங்கள் பக்கங்களையும் என் பக்கங்களையும் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். கறுப்பியை மறுபடி என்னிடம் தருவார்களா, தெரியாது. தராவிட்டாலும் நியாயம்தான். ஆனால் உங்கள் பெயரை அவர்களிடமிருந்து திரும்ப வாங்காமல் வீட்டுக்கு வரமாட்டேன் அண்ணி.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
கவிதா