செ. ஆனந்தராஜா ஞாபகார்த்தக் கிண்ணம்

மோர்டன், லண்டன்
12.07.1993

அன்புள்ள எமில்டா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து இரண்டு கிழமையாகிறது. உடனே பதில் போடாததற்குக் கோபிக்க வேண்டாம். பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் மாறி மாறி வருகிறது. மிச்ச நேரத்தை உதைபந்து விழுங்குகிறது. நானும் தங்கச்சி றோஸ்மலரும் சுகமாக இருக்கிறோம்.

இங்கே எங்கள் ஊர்க் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பழைய மாணவர் சங்கம் உண்டு, சங்கத்துக்கு ஒரு ரீம் உண்டு. கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் லீக் விளையாடினோம். நேற்றோடு அது முடிந்தது. பதினான்கு ரீமில் எட்டுத்தான் கடைசிச் சுற்றுக்குப் போகும். எங்கள் கல்லூரி எட்டாவதாக ஒருமாதிரித் தொத்திக்கொண்டது. இனி ஒரு ஆட்டம் தோற்றாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இறுதியாட்டம் ஓகஸ்ட் 30, பாங்க் ஹொலிடே அன்று.

எங்கள் கொமிற்றியில் பதினேழு பேர். பயிற்சிக்கு வருகிறவர்கள் ஒன்பது பேர். தலைவர் யோகலிங்கம் அண்ணை கரையில் நின்று போடுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி கவுன்சிலுக்கு அறிவித்துவிட்டாள். நான் இன்னமும் கோல் கீப்பர்தான். என்னுடைய தொப்பை வண்டியே கோலில் பாதியை மறைக்கிறது என்று பெடியள் பகிடி பண்ணுகிறார்கள்.

ஆனந்தன் அண்ணையைப் பற்றி ஏதும் தெரிந்ததா என்று கேட்டிருந்தீர்கள். அவரும் நானும் ஒன்றாகக் கொழும்பில் விமானம் ஏறினோம், போலந்து எல்லையில் பொலிஸ் அவரைப் பிடித்தது. அன்று போனில் சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது அக்கா. எந்தச் சிறையில் வைத்திருக்கிறார்கள் என்று நானும் விசாரித்தபடிதான் இருக்கிறேன். மனதைத் தளரவிடாதீர்கள்.

அன்புத் தம்பி,
கஸ்பர்


யேசு மரியாயே துணை

கொட்டாஞ்சேனை, கொழும்பு
24.07.1993

அன்புத் தம்பி கஸ்பருக்கு,

உம்முடைய கடிதம் கண்டேன். ஒன்றரைப் பக்கம் பந்துக்கு, கால் பக்கம் என்ர மனுசனுக்கு. குறையாகச் சொல்லவில்லை. அவரும் வீட்டில் அப்படித்தான், கறி எப்படி என்று கேட்டால் காலிறுதியைப் பற்றிச் சொல்லுவார்.

ஒன்றரை வருடமாகச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மாதம் ஒருமுறை போய் வருகிறேன். அங்கே இருக்கிற பிள்ளை நல்லவள். "அக்கா, இடம் தெரியாமல் நாங்கள் எங்கை எண்டு தேடுறது" என்று ஒவ்வொரு மாதமும் கேட்கிறாள்.

ஆகவே ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். உங்கள் இரண்டு பேரையும் அனுப்பின அதே ஏஜென்சிக்காரனைப் பிடித்துவிட்டேன். செப்டெம்பர் பதினைந்தாம் திகதியளவில் ஒரு குழு மொஸ்கோ வழியாகப் போகிறதாம். நானும் போறன். போலந்துச் சிறைகளில் எங்கடை பெடியள் கனபேர் இருக்கிறார்கள், காட்டித் தரலாம் என்று சொல்கிறான். பாஸ்போட்டைக் கொடுத்தாயிற்று. தையல் கடையிலும் சொல்லிவிட்டேன்.

நீர் எனக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவரைப் பிடித்த இடத்தின் பெயரை எழுதி அனுப்பும்.

எமில்டா


மோர்டன்
02.08.1993

அன்புள்ள அக்கா,

தயவுசெய்து அந்தப் பயணத்தை நிறுத்துங்கள். காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதை பெண்கள் வருகிற பாதை இல்லை. அந்த ஏஜென்சிக்காரன் வாய் திறந்தால் பொய். லொறியில் மூட்டை அடுக்குகிற மாதிரித்தான் ஆட்களை அடுக்குவார்கள். பாஸ்போட்டை இன்றைக்கே திருப்பி வாங்குங்கள்.

இடத்தின் பெயர் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. யோசித்துப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலிறுதி. இரண்டுக்கு இரண்டு, பிறகு பெனல்ரி. நான் இரண்டைப் பிடித்தேன், ரீம் வென்றது. ஆட்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பதினைந்தாம் திகதி அரையிறுதி. அது முடிய இறுதியாட்டம். இந்தப் பரபரப்பு எல்லாம் ஓயட்டும் அக்கா, அதற்குப் பிறகு ஆறுதலாக இருந்து எல்லாவற்றையும் விபரமாக எழுதுகிறேன். அதுவரைக்கும் எங்கும் வெளிக்கிட வேண்டாம்.

கஸ்பர்


கொட்டாஞ்சேனை
18.08.1993

கஸ்பருக்கு,

இன்று இரண்டு கடிதம் வந்தது. ஒன்று உம்முடையது. மற்றது உங்கள் பழைய மாணவர் சங்கத்தின் கடிதம், தலைவர் யோகலிங்கம் கையெழுத்துப் போட்டது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். இந்த வருடம் தொடக்கம் இறுதிச் சுற்றின் வெற்றிக் கிண்ணத்தை உங்கள் சங்கம்தான் கொடுக்கிறதாம், அதற்குக் கல்லூரி உதைபந்து அணியின் 1978ஆம் ஆண்டுத் தலைவர் அமரர் செபமாலைமுத்து ஆனந்தராஜாவின் பெயரை வைக்கிறார்களாம். குடும்பத்தின் சம்மதம் வேண்டுமாம். சிறப்பு மலரில் போடுவதற்கு ஒரு படமும், மனைவியின் சார்பில் நாலு வரியும் அனுப்பட்டாம். கிண்ணத்தில் பொறிக்கிற வாசகத்தின் பிரதியும் வைத்திருக்கிறார்.

செ. ஆனந்தராஜா
03.03.1960 – 14.01.1992

நான் அதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போய் ஐந்து மணிவரைக்கும் தைத்தேன். வந்து திரும்பவும் வாசித்தேன்.

பிறந்த திகதி கல்லூரிப் பதிவில் இருக்கும். மற்றத் திகதியை அவர்களுக்கு யார் கொடுத்தது? நான் கொடுக்கவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்திடம் இல்லை. தொண்ணூற்றிரண்டு ஜனவரி 15ஆம் திகதி பின்னேரம் நீர் பெர்லினிலிருந்து போன் எடுத்தீர். முதல் நாள் பொலிஸ் பிடித்தது என்று சொன்னீர். முதல் நாள் என்றால் பதினாலாம் திகதி.

படம் அனுப்பவில்லை. நாலு வரியும் அனுப்பவில்லை. உம்முடைய இறுதியாட்டம் முடியும்வரைக்கும் என்னால் காத்திருக்க ஏலாது. பதினாலாம் திகதி என்ன நடந்தது?

எமில்டா ஆனந்தராஜா


மோர்டன்
31.08.1993

எமில்டா அக்கா,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. நேற்று அதைக் காற்சட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டுதான் விளையாடினேன். ஆட்டம் தொடங்க முன்னம் ஒரு நிமிட மௌனம். ஒலிபெருக்கியில் அவருடைய பெயரையும் திகதியையும் வாசித்தார்கள். நான் கோலடியில் தலை குனிந்து நின்றேன். ஒன்றுக்குப் பூச்சியம், நாங்கள் வென்றுவிட்டோம். ஆனந்தனோடு வந்தவன் நீதானே, நீயே வாங்கு என்று யோகலிங்கம் அண்ணை என்னைக் கூப்பிட்டார். போய் வாங்கினேன். கை தட்டினார்கள்.

அவரில் பிழையில்லை. ஜூன் மாதக் கூட்டத்தில் கிண்ணத்துக்கு யாருடைய பெயர் என்று கதை வந்தது. ஆனந்தன் உயிரோடு இல்லை என்று ஒரு கதை இங்கே உலவியபடிதான். "கஸ்பர், நீதானே கூட வந்தனி, உண்மையைச் சொல்லடாப்பா" என்றார்கள். சொன்னேன். ஆள் வழியில் இறந்துபோனார் என்பது பதினேழு பேருக்கு முன்னால் வாயில் வந்தது, உங்களுக்கு எழுதும்போது வரவில்லை. உங்களுக்கு எப்போதோ தெரியும் என்றுதான் யோகலிங்கம் அண்ணை நினைத்தார். இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

பொலிஸ் ஒருவரையும் பிடிக்கவில்லை. லொறியில் மரப்பெட்டிகளுக்குப் பின்னால் பதினொரு பேர் இருந்தோம். மூன்று நாளாக அவருக்குக் காய்ச்சல், நெஞ்சு இழுத்தது. பதினாலாம் திகதி மத்தியானம், எல்லைக்கு முன்னம், ஒரு மரம் அரிகிற ஆலையைத் தாண்டி ஒரு காட்டுக்குள் லொறியை நிறுத்தினார்கள். ஏஜென்சிக்காரனின் ஆள் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "இந்த மனுசன் முடிஞ்சுது, இறக்கு" என்றான். நான் தலைப்பக்கம் பிடித்தேன், இன்னொருவர் கால்பக்கம். ஒரு பைன் மரத்தடியில் வளர்த்தினோம். என்னுடைய ஜாக்கெற்றைக் கழற்றிப் போர்த்தேன்.

அக்கா, முடியவில்லை. அவர் முடியவில்லை. நான் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது. மற்றவன் என்னைப் பார்த்தான், நான் வாய் திறக்கவில்லை. ஏறடா என்றார்கள், ஏறினேன். றோஸ்மலர் அதே ஆட்களின் கையில் மொஸ்கோவில் இருந்தாள், கதைத்தால் அவள் வந்து சேரமாட்டாள் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் வந்து ஒரு வருடமாகிறது. நான் அப்போதும் சொல்லவில்லை. உண்மை என்னவென்றால் லொறி என்னை விட்டுவிட்டுப் போய்விடும் என்று பயந்தேன்.

கிண்ணத்தில் இருப்பது அவர் இறந்த திகதி இல்லை. நான் விட்டுவிட்டு வந்த திகதி. இறந்த திகதி எனக்குத் தெரியாது. எனக்கு வேறு திகதி இல்லாதபடியால் அதைக் கொடுத்தேன்.

உள்ளதைச் சொன்னால் திரும்பவும் தேடப் போவீர்கள் என்று யோசித்தேன். என்னுடைய கைக்குள் இறந்தார் என்று எழுதினால் நின்றுவிடுவீர்கள். அப்படி ஒரு கடிதமும் எழுதி, கிழித்துப் போட்டேன். தயவுசெய்து அந்த ஆட்களோடு மட்டும் வராதீர்கள்.

கஸ்பர்


கொட்டாஞ்சேனை
13.09.1993

கஸ்பருக்கு,

பாஸ்போட்டைத் திருப்பி வாங்கிவிட்டேன். அதற்காகத்தான் எழுதினீர் என்றால் அது நடந்துவிட்டது.

உம்முடைய கடிதத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்துப் பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாசித்து முடியும்வரைக்கும் நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு ஒரு புதுப் பைல் எடுத்துப் பெயர் எழுதினாள். இருபது மாதத்தில் இதுதான் முதல் தரம்.

இந்தக் கடிதம் மட்டும் காணாதாம். நேரில் கண்டவர் லண்டனில் இருக்கிற செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போய், எல்லாவற்றையும் சொல்லி, சொந்தப் பெயரில் கையெழுத்து வைக்க வேண்டுமாம். லொறி எந்த ஊர் தாண்டினது, ஆலை எந்தப் பக்கம், எத்தனை மணி, அவர் என்ன உடுத்தியிருந்தார், எல்லாம்.

உமக்கு ஹோம் ஒபிசில் அகதிக் கேஸ் இருக்கிறது, நேரே விமானத்தில் வந்ததாகச் சொல்லியிருக்கிறீர் என்று றோஸ்மலர் முந்தி ஒருமுறை எழுதினவள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். போம்.

எமில்டா


மோர்டன்
09.10.1993

அக்கா,

நேற்றுப் போனேன். போலந்து வரைபடத்தை விரித்து வைத்துக் கேட்டார்கள். ஆலைக்குக் கிட்ட ஒரு தண்ணீர்த் தாங்கி நின்றது ஞாபகம் வந்தது, அதையும் சொன்னேன். நாலு பக்கம் எழுதினார்கள். நாலு பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன்.

இது வெளியில் ஒருவரிடமும் போகாது என்கிறார்கள். ஆனால் ஹோம் ஒபிஸ் நேர்முகத்தில் இனி நான் அதே பொய்யைச் சொல்லப் போவதில்லை என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, உம்முடைய இஷ்டம் என்றார். றோஸ்மலர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு சிநேகிதி வீட்டுக்கு, ரெய்னர்ஸ் லேனுக்குப் போய்விட்டாள். தன்னைச் சாட்டி ஒரு ஆளை விட்டுவிட்டு வந்தேன் என்கிறாள்.

கிண்ணத்தை யோகலிங்கம் அண்ணையிடம் திருப்பிக் கொடுத்தேன். இனி விளையாட வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

கஸ்பர்


யேசு மரியாயே துணை

கொட்டாஞ்சேனை
17.01.1994

கஸ்பருக்கு,

போன திங்கட்கிழமை செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். நீர் சொன்ன ஆலையையும் தண்ணீர்த் தாங்கியையும் வைத்து இடத்தைப் பிடித்துவிட்டார்கள். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சேமக்காலையில், புதைத்தவர்களின் பதிவில் பெயர் தெரியாத ஒருவர் இருக்கிறார். முப்பது வயது மதிக்கத்தக்க, கறுத்த ஆம்பிளை. வலது முழங்காலில் ஒப்பரேஷன் தழும்பு. கழுத்தில் செபமாலை. பச்சைச் சுவெற்றர், அதன் இடது கை மற்றக் கையைவிட நீளம். அது நான் பின்னினது. அதைக்கூடக் கவனமாக எழுதி வைத்திருக்கிறார்கள், நல்ல சனங்கள். ஒரு குருவானவரைக் கூப்பிட்டுச் செபம் சொல்லித்தான் தாட்டிருக்கிறார்கள்.

அவரைக் கண்டெடுத்தது காட்டில் இல்லை. காட்டிலிருந்து நாலு கிலோமீற்றர் தள்ளி, றோட்டுக்கரையில், ஒரு பஸ் தரிப்பிடத்தில். வாங்கிலில் உட்கார்ந்தபடி இருந்திருக்கிறார். உம்முடைய ஜாக்கெற்றைக் கையில் மாட்டி, பொத்தான் எல்லாம் பூட்டியிருந்தாராம். ஜனவரி 16ஆம் திகதி காலை முதல் பஸ் ஓட்டி வந்தவர்தான் கண்டவர். உயிர் போய் நாலைந்து மணித்தியாலம் இருக்கும் என்று டொக்டர் எழுதியிருக்கிறார்.

ஆகவே கிண்ணத்தில் திகதி பிழை. யோகலிங்கத்துக்குத் தனியாக எழுதிச் சரியான திகதியைக் கொடுத்திருக்கிறேன். பெயர் வைக்கச் சம்மதம் என்றும் எழுதினேன். படமும் அனுப்பினேன். நேற்றுப் பூசை ஒப்புக்கொடுத்தோம். தையல் கடைப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். நான் அழுதேன், இரண்டு வருடம் அழாததையும் சேர்த்து அழுதேன்.

நீர் உண்மை சொன்னபடியால்தான் எனக்கு ஒரு சேமக்காலை கிடைத்தது. அதற்கு நன்றி. உம்முடைய கேசை அவர்கள் தள்ளக்கூடாது என்று செபிக்கிறேன், அதுவும் உண்மை. ஆனால் இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் உடைக்காமல் திருப்பி அனுப்புவேன்.

கடைசியாக ஒன்றை நீர் தெரிந்துகொள்ள வேண்டும். பதினைந்தாம் திகதி பின்னேரம் பெர்லினிலிருந்து போன் எடுத்தீர். "அண்ணையைப் பொலிஸ் பிடிச்சிட்டுது அக்கா, உயிருக்கு ஒண்டுமில்லை, யோசிக்காதையுங்கோ" என்றீர். நான் அந்தத் தையல் கடையிலேயே முழந்தாளில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அந்த நேரம் அவர் எழும்பி நடந்துகொண்டிருந்தார்.

எமில்டா ஆனந்தராஜா