இரட்டை ஜிப் கைப்பை

என்னங்க,

சௌக்கியமா? பி.பி. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? எனக்கு இங்கே எந்த மாத்திரைக்கும் அடங்காத கோபம்.

ஹாஸ்டல் அலமாரிக்குப் பூட்டு இல்லாததால் தங்கச் செயினை வேலைக்குப் போகும்போதும் கூடவே கொண்டுபோகிறேன். அதற்காகவே நாலு கடை ஏறி இறங்கி இரட்டை ஜிப் கைப்பை வாங்கினேன். நேற்று நான் பஸ்ஸில் இருக்கும்போது போன் செய்து, “செயின் பையிலதானே இருக்கு? பத்திரம்!” என்று கத்தினீர்கள். பஸ் முழுக்கக் கேட்டது. இறங்கிப் பார்த்தால் பையைப் பிளேடால் கிழித்திருக்கிறார்கள்.

பதறாதீர்கள். நீங்கள் கத்திய கையோடு, யாரும் பார்க்காமல் செயினை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். போனது தலைவலித் தைலம்தான். ஒன்று வாங்கி அனுப்புங்கள். தலையை அமுக்கிவிட இங்கே ஆள் இல்லை.

பிளேடு என் விலாவுக்கு இரண்டு விரல் தள்ளிப் போயிருக்கிறது. இனிமேல் போனில் செயினை விசாரிக்காதீர்கள், என்னை விசாரியுங்கள்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

இப்படிக்கு,
அந்தச் செயினைச் சுமக்கிறவள்