ஒரு ஸ்குரூ மட்டும் கழன்றிருந்தது

என் அன்பு அண்ணி,

கம்பளையில இன்றைக்கும் மழை. நம்ம தையல் கடையைத் திறந்து வச்சிட்டு, தைக்க மனசில்லாம உங்களுக்கு எழுதுறேன்.

எந்தத் தையல் மெஷின் நல்லம் என்று ஊரே உங்ககிட்டத்தான் கேட்கும். புது மெஷினைக் கண்டா உடனே கவிழ்த்து, உள்ளே சுத்துற பல்சில்லு உருக்கா பிளாஸ்டிக்கா என்று பார்ப்பீங்க. நான் வாங்கினதை விரலால தட்டி, "இது மெஷினா, சவர்க்காரப் பெட்டியா?" என்று சிரிச்சீங்க. என்னோடது விதவிதமாத் தைக்கும். தடிச்ச துணியைக் கண்டா மேசையோட நடுங்கும். உங்க பழைய ஜப்பான் மெஷின் முழுக்க வார்ப்பிரும்பு. டெனிமை நாலா மடிச்சு வச்சாலும் முனகாது. "கனம் இருந்தாத்தான் தையல் நேரா நிற்கும் செல்வி" என்பீங்க.

ஆறு பெருகின அன்றைக்கு நான் நூல் வாங்கக் கண்டிக்குப் போயிருந்தேன். பாதை அடைபட்டு, திரும்பும் வழியில பேராதனையிலேயே நின்னுட்டேன். நடந்ததை, நம்ம கடைக்கு மேல்மாடியில பாத்திரக் கடை வச்சிருக்கிற முஸ்லிம் பெரியவர், நாம நானா என்று கூப்பிடுறவர்தான் சொன்னார். கடைக்குள்ள தண்ணி முழங்காலுக்கு வந்தப்போ, என் மெஷினைத் தூக்கிட்டு வந்து படியில அவர்கிட்ட நீட்டினீங்களாம்.

"இதப் பிடிங்க நானா, செல்வியோடது. என்னோடத கழட்டிட்டு வாரேன்."

"வாணாமுண்டு சொன்னேன் புள்ள. அவ கேக்கல்ல." இதைச் சொல்லும்போது நானா என் முகத்தைப் பார்க்கல. நீங்க திரும்பிப் போன கொஞ்ச நேரத்துல கடையோட பின்மதில் உடைஞ்சு ஆறு உள்ள பாய்ஞ்சிருக்கு. மறுநாள் பாலத்துக்கு அங்கால உங்களைக் கண்டெடுத்தாங்க.

சேறு வடிஞ்சதும் கடைக்கு வந்தேன். உங்க மெஷின் பின்பக்கமாச் சாய்ச்சபடியே இருந்துச்சு. அதை மேசையோட பிடிச்சிருக்கிற ரெண்டு ஸ்குரூவில ஒன்று கழன்றிருந்தது. மற்றது துருவேறி இறுகிப்போயிருந்தது. அதோட எவ்வளவு நேரம் மல்லுக்கட்டினீங்க அண்ணி?

மண்ணெண்ணெயில கழுவி, எண்ணெய் விட்டேன். ஓடுது. சேத்துக்குள்ள கிடந்த மெஷின், ஒரு தையல்கூடத் தவறாம ஓடுது. அதுதான் எனக்குப் பயம். மிதியில இருந்து காலை எடுத்த பிறகும் சில்லு கொஞ்சம் சுத்தும். எப்பவும் அப்படித்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் மழை நாள்ல, அது நிக்கும் வரைக்கும் திரும்பிப் பார்க்க மாட்டேன். பின்னால நின்னு என் கையைப் பார்த்துட்டு இருக்கிறது நீங்களா?

அண்ணன் கடைக்குள்ள கால் வைக்கிறதில்ல. வாசல்ல நின்னே, "உங்க அண்ணியோட மெஷினை வித்துடும்மா" என்றார்.

"வித்தாலும் அது எங்கயோ ஓடிக்கிட்டுத்தானே இருக்கும் அண்ணா?"

அவர் குடையை விரிச்சிட்டுப் போயிட்டார்.

இன்றைக்குக் காலையில ஒரு தாயும் மகளும் வந்து, எந்த மெஷின் காலத்துக்கும் நிற்கும் என்று கேட்டாங்க. உங்களோடதைக் காட்டினேன். உண்மை அதுதானே? பிறகு மனசு கேட்காம அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "வாங்குறதுக்கு முந்தி தனியாத் தூக்கிப் பாருங்க" என்றேன். ஏன் என்று அவ கேட்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்?

ஒரு வாக்குத் தாறேன் அண்ணி. ஆத்துச் சத்தம் கூடினா, இங்க இருக்கிற எதையும் தொடாம, வெறுங்கையோட மாடிக்கு ஏறிடுவேன்.

உங்க நாத்தனார்,
செல்வி