ஸ்டியரிங்கைத் திருப்ப ஓர் ஆள்

என் தங்க அக்காவுக்கு,

உன் காரின் சத்தம் நின்றுவிட்டது. நீ அதைத்தான் முதலில் கேட்பாய். அதனால் முதலில் சொல்கிறேன்.

நீ போய் நான்கு மாதம். கார் ரெங்கத்தில் அம்மா வீட்டு வாசலிலேயே நின்றது. போன ஞாயிறு ஜொகூர் பாருவிலிருந்து வந்து சாவியைப் போட்டேன். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் அதே முனகல். கடைசிவரை ஒடித்தால் ஊளை.

மாறன் அண்ணனின் பட்டறைக்கு ஓட்டிப்போனேன். "பவர் ஸ்டியரிங் பம்பு அவுட் தம்பி. மாத்திடு லா" என்றார், பானெட்டைத் திறக்காமலே. திறந்ததும் குனிந்து பார்த்தார். ஸ்டியரிங் எண்ணெய் டப்பாவில் நீ ஒட்டிய வெள்ளை டேப். அதில் எண்ணெய் மட்டத்தைக் குறித்த பேனாக் கோடுகள். வாரம் ஒன்று. ஒவ்வொன்றும் முந்தியதற்குச் சற்றுக் கீழே.

"உங்கக்கா முன்னாடியே பாத்துருச்சா? இங்க வந்தா என்னையத் தொடவே விடாது. 'அண்ணே, கைய எடுங்க'ங்கும்."

சிரித்தார். பிறகு துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். கையில் அழுக்கே இல்லை.

மூடியைத் திருகினார். "பாரு, ஆத்துன தே தாரிக் டீ மாதிரி நுரைச்சிருக்கு." பம்பில் பழுதில்லை. எண்ணெய் பம்புக்குள் போகும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியே பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறது. இத்தனை நாள் முனகியது காற்று.

புது வளையம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. டாஷ்போர்டுப் பெட்டியில் நீ வாங்கி வைத்திருந்தாய். சின்ன பிளாஸ்டிக் பையில். பக்கத்தில் பிரிக்காத எண்ணெய்ப் போத்தல்.

வளையத்தை மாற்றித் தந்தார். உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதை வீட்டில் செய்கிறேன் என்றேன்.

"அதுக்கு ரெண்டு ஆள் வேணும் தம்பி."

தெரியும். உன் குரல் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. "டேய், பத்து நிமிஷ வேலைடா. நீ ஸ்டியரிங்கத் திருப்பு, நான் எண்ணெயப் பாக்குறேன். வர்றியா?" அடுத்த வாரம் வர்றேன்கா என்றேன். ஐந்து முறை. ஐந்தாவது முறை நீ சிரித்தாய். "அடுத்த வாரம்னா, எந்த வருஷத்து அடுத்த வாரம் தொர?"

மாறன் அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாமே அக்கா. பத்து நிமிடம் அவர் வந்திருப்பார். எண்ணெய்க்காகத்தான் என்னைக் கூப்பிட்டாயா?

அன்று காலை அம்மா சந்தைக்குப் போயிருந்தார். உனக்கு நெஞ்சு வலி. யாரையும் அழைக்காமல் நீயே குளுவாங் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாய். மறுநாள் காரை எடுக்கப் போனவன் நான். ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் இரண்டு இடங்களை அடைத்துக் குறுக்கே நின்றது. முன் சக்கரங்கள் ஒரு பக்கமாக முழுக்கத் திரும்பியிருந்தன. நீ எத்தனை முறை ஒடித்துப் பார்த்தாய்?

மாறன் அண்ணனிடம் கேட்டேன். இப்படி நுரைத்தால் ஸ்டியரிங் கனக்குமா?

"நிறுத்துறப்போ கொஞ்சம் கனக்கும்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டார். "அத நெனைக்காத தம்பி. அது நெஞ்சு. கார் இல்ல."

நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். பகலில் முடிகிறது.

வீட்டில் காரின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினேன். சக்கரங்கள் தரையைத் தொடாமல் நின்றன. ஆள் வேண்டும். நீ போனபின் அம்மா அந்தக் காரைத் தொட்டதில்லை. கேட்காமலேயே வந்தார். ஓட்டுநர் இருக்கையில், நீ வைத்திருந்த மெத்தைமேல், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கம்டா?"

"இடது பக்கம்மா. கடைசி வரைக்கும். அப்புறம் வலது."

எஞ்சினை அணைத்தே திருப்ப வேண்டும். டப்பாவில் குமிழிகள் வந்தன. ஒன்று, கூட்டமாக, மறுபடி ஒன்று. எண்ணெய் இறங்க இறங்க நான் ஊற்றினேன். உன் போத்தலிலிருந்து. இருபது முறைக்குப் பிறகு குமிழிகள் இல்லை.

"போதும்மா."

அம்மா நிறுத்தவில்லை. இரு கைகளாலும் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது.

"இவ்ளோ கனமாடா இருந்துச்சு அவளுக்கு?"

"இல்லம்மா. எஞ்சின் ஓடுனா லேசா இருக்கும்."

பொய் இல்லை. உண்மையும் இல்லை. ஐந்து அடுத்த வாரங்களைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாது. பானெட் திறந்தே இருந்தது. அது என் முகத்தை மறைத்தது.

பிறகு நான் ஏறி எஞ்சினைப் போட்டேன். இடது. வலது. சத்தம் இல்லை. ஒரு விரலால் திருப்ப முடிந்தது அக்கா. ஒரு விரலால்.

டேப்பில் உன் கடைசிக் கோட்டுக்கு மேலே ஒரு கோடு போட்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் வந்து பார்ப்பேன். இன்னொன்று. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். அது அச்சாகும் முன் அம்மாவின் எதிரே உட்கார்ந்து இதை முழுக்க வாசிப்பேன். முகத்தை மறைக்க அப்போது ஒன்றும் இருக்காது. அடுத்த வாரம் இல்லை அக்கா. நாளைக்கு.

ஐந்து 'அடுத்த வாரம்' தாமதமாக வந்த,
உன் தம்பி