உள்ளே கைப்பிடி இல்லாத கதவு

பகாவ்
4.3.1951

அன்புத் தங்கை நீலாவதிக்கு அண்ணன் இராஜமாணிக்கம் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தானே தெரியும்! மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. சுவாத் தோட்டத்தில் தபால்காரன் செத்துவிட்டானா, இல்லை உனக்கு நான்தான் செத்துவிட்டேனா?

காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாதென்று, உங்கள் லயத்து வீடுகளை இந்த மாதக் கடைசியில் இடித்து எல்லாரையும் முள்வேலிக்குள் கொண்டுபோகப் போகிறார்களாம். வேலை வாங்கும் மண்டோரைத் திட்டியதற்காக உன் பெயரைத்தான் வேலையிலிருந்து வெட்டிவிட்டார்களே, உனக்கு எப்படி அறை கொடுப்பார்கள்? மச்சான் போன பிறகு உனக்கும் குழந்தை செல்லத்துக்கும் கொழுந்தன் வீட்டு மூலையாவது இருந்தது. இனி அதுவும் இல்லை. இங்கே உனக்கு ஓர் அறை கேட்டு எங்கள் தோட்டத் துரையிடம் போய் நின்றேன். அவர் வாய் திறக்குமுன் கணக்கெழுதும் கிராணி முந்திக்கொண்டு, "வேலைக்காரனுக்குத்தான்லா ரூமு, தங்கச்சிக்கெல்லாம் கெடையாது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஒன்று தோன்றியது. லாரிக் கொட்டகையில் என் லாரி நிற்பதற்கு எவனைக் கேட்க வேண்டும்? அதையே உனக்கு வீடாக்கிவிட்டால்?

சிரம்பானில் ஒரு பழைய ஆம்புலன்ஸ் ஏலத்துக்கு வந்தது. எஞ்சின் போய்விட்டது, ஆனால் பின்னால் இருக்கும் பெட்டி கல்லு மாதிரி இருக்கிறது. அதை மட்டும் கழற்றி, என் லாரியின் பின்பலகையை எடுத்துவிட்டு, அடியில் மரக்கட்டையும் டயர்த் துண்டும் கொடுத்து போல்ட் போட்டு இறுக்கிவிட்டேன். ஸ்டிரெச்சர் மாட்டும் தண்டுகளில் பலகை அடித்து ஒரு படுக்கை. மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு. பக்கத்தில் ஒரு ஜன்னல் வெட்டியிருக்கிறேன். அரிசி மட்டும் வண்டியில் வைக்க முடியாது. வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி போனாலும் ஆளைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பின் கதவுகளுக்கு உள்ளே கைப்பிடியே இல்லை, வெளியேதான். இடது கதவின் உள்பக்கம் பள்ளம் பள்ளமாக இருந்தது. எந்தப் பைத்தியக்காரன் இப்படி அடித்தானோ! ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தட்டி நிமிர்த்திப் பச்சைச் சாயம் அடித்துவிட்டேன். நீ வந்து பார்த்தால் அசந்துபோவாய்.

உடனே புறப்பட்டு வா.

உன் அண்ணன்
இராஜமாணிக்கம்


சுவா
11.3.1951

அண்ணனுக்கு,

அந்தப் பைத்தியக்காரி நான்தான்.

இடது கதவுதானே? உட்கார்ந்தால் தோள் உயரத்தில்தானே? நீங்கள் நிமிர்த்திய பள்ளம் ஒவ்வொன்றும் என் செம்பால் விழுந்தது. உங்கள் மச்சானை ரப்பர் பால் வெட்டும் இடத்தில் பாம்பு கடித்தது உங்களுக்குத் தெரியும். வழியிலேயே போய்விட்டார் என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். அதுவும் நீங்கள் கருமாதிக்கு வந்தபோது. அவர் வழியில் போகவில்லை. நின்ற வண்டியில் போனார்.

சாலைச் சோதனையில் நிறுத்தினார்கள். காட்டுக்கு மருந்து போகிறதா என்று பார்க்க வேண்டுமாம். டிரைவர் கதவைச் சாத்தியபடியே விட்டுவிட்டுக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போய் நின்றான். உள்ளே நானும் அவரும். நெஞ்சு அடைக்குது, கதவைத் திற என்றார். திறக்கக் கைப்பிடி எங்கே இருந்தது? அவருக்குத் தண்ணீர் கொண்டுபோன செம்பை எடுத்து அடித்தேன். கை மரத்துப்போகும்வரை அடித்தேன். வெளியே பேச்சுக் குரல் கேட்டது, சிரிப்பும் கேட்டது. அவர்கள் திறந்தபோது நான் அடிப்பதை நிறுத்தியிருந்தேன். அடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

உயிர் போன இடத்தில் பதினாறு நாள் விளக்கு வைப்பார்களே, நான் எங்கே வைப்பேன்? வண்டியை மறுநாளே கழுவி வேறொரு நோயாளியை ஏற்றிவிட்டார்கள். கொழுந்தன் வீட்டு வாசலில் வைத்தேன். "சாவு விழாத வாசல்ல ஏங்க்கா வெளக்கு?" என்று அவன் பெண்டாட்டி காலால் நகர்த்தினாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை.

அந்தத் தண்டில் பலகை அடித்து என்னைப் படுக்கச் சொல்கிறாயே, உனக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா? யாருடைய வண்டி, எங்கே ஓடியது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? நீ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை. அப்படியே இருக்கட்டும்.

நீலாவதி


பகாவ்
18.3.1951

நீலாவதி,

சிரம்பானுக்குப் போய் விசாரித்தேன். சுவாப் பக்கம் ஓடிய வண்டிதான். திரும்பி வந்து கொட்டகையில் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னால் அதைத் தொட முடியவில்லை.

ஆனால் எனக்கும் கோபம் உண்டு. இரண்டு வருஷம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு, அண்ணன் என்று ஒருவன் இருக்கிறான், அவனிடம் சொல்வோம் என்று உனக்குத் தோன்றவில்லையா? சோதனைச் சாவடிக்காரனைக் கேட்க முடியாத கேள்வியை என்னைக் கேட்கிறாய். கேள், வாங்கிக்கொள்கிறேன். அதற்காக ஊரான் பாவத்தை எல்லாம் என் தலையில் கட்டாதே. கூடப் பிறந்தவளைக் கொடுமைப்படுத்தவா வெயிலில் கிடந்து இதைக் கட்டினேன்?

நீ வேண்டாம் என்றால் பெட்டியை உடைத்து பழைய இரும்புக் கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் போட்டுவிடுகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் லயத்தை இடித்த பிறகு செல்லத்தை எங்கே படுக்க வைப்பாய்? கோபத்தை விரித்துப் படுக்க முடியுமா? அதற்கு மட்டும் பதில் எழுது.

இராஜமாணிக்கம்


சுவா
25.3.1951

அண்ணனுக்கு,

உடைக்க வேண்டாம்.

இது சமாதானக் கடிதம் இல்லை. உங்கள் மேலும் கோபம்தான், சிரித்தவன் மேலும் கோபம்தான், எல்லாம் தலையெழுத்து என்று என்னிடம் சொன்ன ஒவ்வொருவர் மேலும் கோபம்தான். அது தீராது. அதையும் மூட்டையோடு சேர்த்துத்தான் கொண்டுவருகிறேன்.

உங்கள் கடிதத்தை மடித்து வைத்த பிறகுதான் உறைத்தது. இரண்டு வருஷமாக அவருக்கு விளக்கு வைக்க இடமில்லை என்று அழுதேன். அந்த இடம் உங்கள் கொட்டகையில் நிற்கிறது. அதைத் தவுக்கேயிடம் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படுக்கையை மறுபக்கம் மாற்றிவிடுங்கள். அவர் தலை ஓட்டுநர் பக்கம் இருந்தது. அந்த மூலையில் அடுப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள், அங்கே விளக்கு வைக்க ஒரு சின்னப் பலகை போதும். இரண்டு கதவுக்கும் உள்ளே கைப்பிடி போடுங்கள், செல்லத்தின் கைக்கு எட்டும் உயரத்தில். வந்ததும் நாங்கள் இருவரும் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வோம். நீங்கள் வெளியே நின்றுகொண்டு ஒன்றும் செய்யக் கூடாது. செல்லம் திறப்பாள். திறந்தால் விளக்கேற்றுகிறேன். திறக்காவிட்டால் தவுக்கேயைக் கூப்பிடுங்கள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறோம். விளக்குப் பக்கத்தில் தண்ணீர் வைக்க அந்தச் செம்பையும் கொண்டுவருகிறேன். அடித்து அடித்து ஒரு பக்கம் நசுங்கிப்போயிருக்கிறது. பார்த்ததும் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதை நிமிர்த்த வேண்டாம்.

தங்கை
நீலாவதி