கேனைத் தரையில் இறக்கி வைங்க

என்னங்க,

பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு அப்படியே வேலைக்குப் போறேன். சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு. வண்டிச் சாவியைத் தேடாதீங்க, என் பையில இருக்கு.

புருவம் கருகினதுக்கு, "கேஸ் அடுப்பு சீறிடுச்சு"ன்னு நேத்து கதை விட்டீங்களே! பெட்ரோல் பங்க் அக்கா காலைல போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. புல்வெட்டுற மிஷினுக்குப் பெட்ரோல் வாங்கப் போய், கேனை டிக்கியில பிளாஸ்டிக் விரிப்பு மேல வெச்சபடியே, நீங்களே குழாயை எடுத்துப் பிடிச்சீங்களாம். "கீழ இறக்கி வைங்கண்ணே"ன்னு அவங்க கத்தினதுக்கு, "குனிஞ்சா இடுப்பு வலிக்குது"ன்னீங்களாம். இடுப்பு வலியாம்! குப்புன்னு பத்தினதும் மட்டும் எப்படி அவ்வளவு தூரம் எகிறிக் குதிச்சீங்க?

பெட்ரோல் விழ விழ கேன்ல மின்சாரம் சேருமாம். விரிப்பு மேல இருந்தா அது இறங்க வழியில்லாம பொறியா வெடிக்குமாம். அதனால கேன் தரையிலதான் இருக்கணும். பிடிக்கிறதுக்கு முன்னாடியே கேனை விட்டுத் தள்ளி நின்னு, நம்ம உடம்புல இருக்கிற மின்சாரம் இறங்க வண்டியோட இரும்பைத் தொட்டுக்கணும். குழாய் மூக்கு கேன் வாயை ஒட்டியே இருக்கணும், மெதுவா ஊத்தணும். இதுல எது உங்களுக்கு முடியாத வேலை? பின் சீட்டுல பாப்பா தூங்கிட்டு இருந்தாளாமே! அந்த அக்கா உடனே மணலைக் கொட்டி அணைக்கலன்னா என்ன ஆகியிருக்கும்? எப்படிங்க மனசு வந்துச்சு?

மத்தியானம் பிளம்பர் வருவார், கதவைத் திறந்து விடுங்க.

இன்னொண்ணு. கையில கொப்புளமும் இருக்காமே? அதை மறைக்கத்தான் முழுக்கைச் சட்டையோட தூங்கினீங்களா? தண்ணி படாமப் பார்த்துக்கோங்க. சாயந்திரம் டாக்டர்கிட்டப் போறோம். கோபம் அப்பவும் இருக்கும். ஆனா கூட வருவேன்.